பதினோராம் கேள்வி

அடுத்தவர் தாளைக் கவிழ்த்துவைப்பது என் தொழில்.
பாளையங்கோட்டையில் கோர்ட்டுக்குப் போகிற வழியில்
ஆறடிக்கு எட்டடி ஜெராக்ஸ் கடை.
பத்திரம், பட்டா, விவாகரத்து, சாதிச் சான்று
எல்லாம் கண்ணாடியில் குப்புறப் படுக்கும்,
பச்சை வெளிச்சம் ஒருதரம் தடவிப் போகும்.
நான் வாசிக்கமாட்டேன்.
வாசித்தால் வரிசை நீளும்.

பால்துரை அண்ணன் கொண்டுவந்த தாளையும்
அப்படித்தான் படுக்கவைத்தேன்.
கோயிலில் என் வீட்டுக்காரருக்கு அடுத்த இடம் அவருக்கு.
பாட்டுப் புத்தகம் மறந்த ஞாயிறுகளில்
ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் பாடுவார்கள்.
"கையெழுத்த மட்டும் போடுடே,
மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."
இவர் போட்டார். பேனாவும் அவருடையதுதான்.
பதினோராம் கேள்வி: சர்க்கரை நோய் உண்டா?
இல்லை என்றிருந்தது, அழகான கையெழுத்தில்,
காலையில் மாத்திரை விழுங்கிவிட்டு வந்த மனுசன் தாளில்.
இரண்டு பிரதி எடுத்தேன். நான்தான் எடுத்தேன்.

மறு வருசம் ஐப்பசியில், ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்,
ஞானதுரை போனார்.
கம்பெனியிலிருந்து ஒன்றரைப் பக்கக் கடிதம் வந்தது.
உண்மையை மறைத்த காரணத்தால்.
வக்கீலுக்காக அதையும் ஜெராக்ஸ் எடுத்தேன்.
அதை வாசித்தேன்.
பால்துரை அண்ணன் அடக்கத்தில் நின்று அழுதார்.
பொய்யழுகை இல்லை.
அதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது எனக்கும் சீனி வந்தாயிற்று.
பெனிட்டாவுக்கு இன்னும் மூன்று வருசப் படிப்பு.
வங்கியில் டை கட்டிய பையன்
நாற்காலி இழுத்துப் போட்டான், பாதாம் பால் சொன்னான்,
பத்து வருசத்தில் இரட்டிப்பு என்றான்.
"மூணாம் வருசம் கட்டமுடியாமப் போச்சுன்னா
கையில எவ்வளவு வரும்?"
"ஏன் மேடம் நெகட்டிவா யோசிக்கிறீங்க?"
பாதாம் பால் நல்லாத்தான் இருந்தது.

நாசரேத்து மச்சான் போன் பண்ணினார்.
நம்ம ஆளு, கமிஷனில் பாதி உனக்கே என்றார்.
பாதியைத் தருகிறவர்
அந்தப் பாதியை வேறெங்கே பிடிப்பார் என்று
ராத்திரி முழுக்கக் கணக்குப் போட்டேன்.

மைமூன் மேலப்பாளையத்திலிருந்து வந்தாள்.
குலவணிகர்புரம் கேட் மூடிக்கிடந்து
சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிசம் பிந்தி.
தண்ணீர் கேட்டாள். குடித்தாள்.
பேனா மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினாள்.
"நீங்களே எழுதுங்கக்கா. நான் வாசிக்கேன்."
"மூணாம் வருசம் கட்டலைன்னா?"
"ஒண்ணும் வராதுக்கா. இது சாவுக்கு மட்டும் உள்ளது."
பதினொன்றில் வந்து நின்றேன்.
"இல்லைன்னு போட்டா எம்புட்டுக் குறையும்?"
"வருசத்துக்கு மூவாயிரத்தி இருநூறு."
"போடட்டா?"
"போடுங்க. கீழ ஏஜென்ட் கையெழுத்துக்கு
வேற ஆளப் பாத்துக்கிடுங்க."
கோபமில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி
பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

உண்டு என்று எழுதினேன்.
என் கையெழுத்து அவ்வளவு அழகில்லை.
மூவாயிரத்தி இருநூறு என்பது
ஆயிரத்து அறுநூறு பக்கம்.

இவளை நம்பலாமா?
ஏஜென்ட் நல்லவர்தானா என்று தெரியவரும் நாளில்
கேட்டவர் இருக்கமாட்டார்.
பெனிட்டாதான் பார்க்கவேண்டும்.
பார்த்து யாரிடம் சொல்வாளோ.

கண்ணாடியில் கவிழ்க்குமுன்
நாலு பக்கத்தையும் முழுசாக வாசித்தேன்.
வரிசையில் நின்ற வக்கீல் குமாஸ்தா
கடிகாரத்தைப் பார்த்தார். பார்க்கட்டும்.
நாலு பக்கம், இரண்டு பிரதி.
மைமூன் பதினாறு ரூபாயைச் சில்லறையாக எண்ணி
மேசையில் வைத்துவிட்டு
அடுத்த ரயிலுக்குக் கேட் மூடுமுன் வண்டியைக் கிளப்பினாள்.

பால்துரை அண்ணன் தந்ததில்லை.
நானும் கேட்டதில்லை,
சொந்தக்காரர்போல என்று.